உயிலில் மாப்பிள்ளை சாட்சிக் கையெழுத்து: வீடு மகளுக்குச் சேருமா?

சகோதரி, நாகர்கோவில் வீட்டை அப்பா உங்கள் பெயருக்கு உயில் எழுதியிருக்கிறார், இரண்டு சாட்சிகளில் ஒருவர் உங்கள் கணவர் என்கிறீர்கள். நீங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் இது பெரிய ஓட்டை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 67ஆம் பிரிவின்படி, சாட்சிக்கோ அவரது கணவன் மனைவிக்கோ எழுதிவைத்தது செல்லாது. உயில் நிற்கும், உங்களுக்கான வீடு மட்டும் போய்விடும். (இந்துக்களின் உயிலுக்கு இந்தப் பிரிவு கிடையாது. பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா "பரவாயில்லை" என்றது அதை மனதில் வைத்துத்தான் இருக்கும்.)

மிச்சச் சொத்து யாருக்கு என்று உயிலில் இல்லாவிட்டால், அந்த வீட்டில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி உங்களுக்கும் தம்பிக்கும் சமமாகப் பிரியும்.

பழையதைப் பதிவு செய்தாலும் இந்தக் குறை தீராது. அப்பா தெளிவாக இருக்கும்போதே புதிதாக எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். "முந்தைய உயில்களை ரத்து செய்கிறேன்" என்ற வரி, சர்வே எண், பட்டா எண், நான்கு எல்லை கட்டாயம் இருக்கட்டும். சாட்சிகள் சொத்தில் பங்கில்லாத, அப்பாவைவிட வயதில் குறைந்த உள்ளூர்க்காரர்களாக இருக்கட்டும். நாளை வழக்கு வந்தால் ஒருவராவது கூண்டேற வேண்டும். அப்பா கையெழுத்திடுவதை இருவரும் பார்த்து, அவர் முன்னிலையிலேயே போட வேண்டும். வீட்டுக்கு வரும் டாக்டரையே ஒரு சாட்சியாக்குவது என் தேர்வு. புத்தி சுவாதீனம் பற்றிய கேள்விக்கும் அவரே பதில் சொல்வார்.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் தம்பி முறைப்பாக இருப்பதாகச் சொல்வதால் செய்துவிடுங்கள்.