கிரிப்புக்குள் எண்ணெய் விடாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹேண்டில்பார் கிரிப்பை, அதாவது வண்டியில் நாம் கை பிடிக்கும் ரப்பர் உறையைப் பற்றியவைதான். ஒரே மாதிரிக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: 8 வருட ஸ்ப்ளெண்டர். இடது கிரிப்பை நானும் தம்பியும் மாறி மாறி இழுத்தும் அசையவில்லை. (திருப்பூர்)

இழுத்தால் வராது. இழுக்க இழுக்க ரப்பர் நீண்டு, குழாயை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை எடுத்து, முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுக்குங்கள். சுவிட்ச் பக்க விளிம்பில் ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவே அதை நுழைத்துவிடுங்கள். உண்டாகும் சந்தில் சிரிஞ்சால் சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே கம்பியை மெதுவாக ஒரு சுற்று கொண்டு வாருங்கள். உள்ளே 'சளக் சளக்' என்று சத்தம் வந்தால் ரப்பர் விட்டுக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் உள் விளிம்பைப் பிடித்து, திருகியபடி வெளியே தள்ளுங்கள்.

தூக்கிப் போடப் போகிற கிரிப் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம், பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம். இடது பக்கம் இரும்புக் குழாய், பயமில்லை. வலது பக்கம் ரப்பருக்கு அடியில் இருப்பது ஆக்சிலேட்டரைத் திருப்பும் பிளாஸ்டிக் டியூப். அங்கே பாதி ஆழம் மட்டும் கீறி, மீதியைக் கையால் கிழியுங்கள்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-இன் ஒரிஜினல் கிரிப். கிழியாமல் கழற்ற வேண்டும். (மதுரை)

கத்தியைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். பஞ்சர் கடைக்கு வண்டியை ஓட்டிப் போய், காற்றுக் குழாயின் மெல்லிய முனையை விளிம்புக்கு அடியில் கொடுக்கச் சொல்லுங்கள். கிரிப் லேசாக உப்பும், அந்த நொடியில் திருகினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் துருத்தூள் நேரே முகத்துக்குத்தான் வரும்.

கேள்வி: புது ஜோடி வாங்கினேன். ஒன்று வலது பக்கம் ஏறவே மாட்டேன் என்கிறது, இன்னொன்று இடது பக்கம் தொளதொள என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (நாமக்கல்)

கடைக்காரர் மேல் தப்பில்லை. நீங்கள் இரண்டையும் மாற்றிப் போடுகிறீர்கள். இடது பக்கக் குழாய் சுமார் 22 மி.மீ. வலது பக்கம் அதன் மேல் ஆக்சிலேட்டர் டியூப் இருப்பதால் கிட்டத்தட்ட 25. பெரிய துளை வலதுக்கு. கவரைப் பிரித்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: கிரிப் சுலபமாக ஏற, எங்கள் ஊர் மெக்கானிக் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விடுகிறார். நாங்களும் அப்படிச் செய்யலாமா? (திண்டுக்கல், இதையே கிரீஸ், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று மாற்றிக் கேட்டவர்கள் இன்னும் நான்கு பேர்)

கூடாது. பல வருடமாகச் சொல்லிவருகிறேன், இன்னும் நிற்கவில்லை.

சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும். துடைக்கப் பயன்படும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் அதைவிட வேகமாக ஆவியாகும். எண்ணெய் எங்கே போகும்? காற்றுப் புகாத அந்த இடுக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். போதாததற்கு ரப்பர் அதைக் குடித்து ஊதும், துளை பெரிதாகும். மாட்டிய அன்று கெட்டியாகத்தான் இருக்கும், அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒரு மாதம் போனால் வெயிலில் சூடாகி லேசாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

ஒருமுறை ஒருவர் முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, இடது கிரிப்பைத் தனியாகக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது பிடித்த கிரிப் கையோடு வந்துவிட்டது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். கறுப்பாக, பசைபோல எண்ணெய் கசடு. ரப்பர் ஊறிப்போய்க் கொழகொழவென்று இருந்தது. அந்த இரண்டு சொட்டால் மாட்டியவருக்கு மிச்சமானது ஐந்து நிமிடம். ஹேண்டில்பாரில் நம் கை பிடித்திருப்பது அந்த ரப்பரை மட்டும்தான், வேறொன்றும் இல்லை. அதில் போய் வழுக்குவதற்கு எண்ணெய் விடலாமா?

ஏற்கெனவே விட்டவர்கள் இன்றே கழற்றுங்கள். குழாயை ஆல்கஹாலில் நனைத்த துணியால், துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். ஊறிய கிரிப்பைக் குப்பையில் போடுங்கள், சாதாரண ஜோடி நூறு இருநூறு ரூபாய்தான். புதியதை ஆல்கஹால் தடவி ஒரே மூச்சில் தள்ளி மாட்டி, ஓர் இரவு வண்டியைத் தொடாமல் விடுங்கள்.

கேள்வி: சூப்பர் குளூ போடலாமா? (காரைக்குடி)

வேண்டாம். காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகி, அதிர்வில் உடையும். கிரிப்புக்கென்று விற்கும் பசையோ ரப்பர் ஒட்டும் பசையோ போதும்.

கேள்வி: கிரிப் சுற்றுகிறது. என்ன செய்ய?

எந்த வண்டி? எந்தப் பக்கம்? ஊர்கூட எழுதவில்லை. வலது பக்கம் என்றால் பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள், வண்டியை நிறுத்திவிட்டுச் சரிசெய்யுங்கள். அவசரத்தில் ஆக்சிலேட்டரைக் குறைக்கத் திருப்பினால் கிரிப் மட்டும் திரும்பும், இன்ஜின் அடங்காது.

கேள்வி: பார் எண்ட் வெயிட்டின் (ஹேண்டில்பார் முனையில் இருக்கும் எடைத் துண்டு) ஸ்டார் ஸ்க்ரூ தலை தேய்ந்துவிட்டது. (கோவை)

ஜப்பானிய வண்டியாக இருந்தால் நீங்கள் போட்ட பிட் தவறாக இருந்திருக்கலாம். அவற்றில் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர ஸ்க்ரூ உண்டு, சாதாரண ஸ்டார் பிட் அதில் முழுதாக இறங்காமல் மேலேறி வழுக்கும். சரியான பிட்டை இம்பாக்ட் டிரைவரில் மாட்டி, ஹேண்டிலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, சுத்தியலால் அடித்துத் திருப்புங்கள். வெயிட்டைக் கழற்றித் தூக்கிப் போடாதீர்கள், கைக்கு வரும் அதிர்வைக் குறைப்பது அதுதான்.

கேள்வி: 390 டியூக்கில் புது கிரிப் போட்டபின் ஆக்சிலேட்டர் மெதுவாகத்தான் திரும்புகிறது. பழகினால் சரியாகிவிடுமா? (சென்னை)

பழகாது. ஓட்டாதீர்கள். கிரிப்பை உள்ளே அதிகமாகத் தள்ளியிருப்பீர்கள், சுவிட்ச் பெட்டியில் உரசுகிறது. ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி விட்டு வெளியே இழுங்கள். பார் எண்ட் பக்கமும் அதே இடைவெளி வேண்டும். 2017 முதல் வந்த 390 டியூக் என்றால் கேபிள் இல்லை, எலக்ட்ரானிக் ஆக்சிலேட்டர். அதனால் பெட்டிக்குள் சோப்புத் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியானாலும் இன்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்டிலை இடது கோடி, நேர், வலது கோடி என மூன்று நிலையிலும் வைத்து ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி விடுங்கள். மூன்றிலும் 'டக்'கென்று தானாகத் திரும்ப வேண்டும்.

கேள்வி: கிரிப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கழுவினால் போகுமா? (வேலூர்)

போகாது. ரப்பர் முடிந்துவிட்டது, மாற்றுங்கள். எண்ணெய் மட்டும் வேண்டாம்.