மகள் நிலத்தோற்றக் கட்டடக்கலை படிக்கலாமா? – பதில்

ஐயா, ஏ.எல். முடிச்ச மகள் மொறட்டுவையில நிலத்தோற்றக் கட்டடக்கலை படிக்கக் கேட்கிறா, சொந்தக்காரர் "தோட்டக்காரன் வேலைக்கு ஒரு பட்டமா" என்கிறாங்க என்று எழுதியிருந்தீங்க. படிக்க விடுங்க. பூங்கா, பாதை, நீர்நிலை என்று கட்டடத்துக்கு வெளியில இருக்கிற நிலத்தைத் திட்டமிட்டு வரையிற தொழில் இது.

1858இல் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கை வரைந்த ஒல்ம்ஸ்டெட்டும் வோக்ஸும்தான் இதை ஒரு தொழிலாக நிலைநிறுத்தினவங்க. அப்பவே பூப்பாத்தி வேலை இல்லை. சதுப்பை வடிச்சு, ஏரி வெட்டி, பாதை போட்ட வேலை. 1900இல் ஹார்வர்ட் தனிப் படிப்பாகவே தொடங்கியது. இப்ப வெள்ளம், கடலரிப்பு, நகரச் சூடு எல்லாம் இதுக்குள்ள வந்திட்டு.

மட்டக்களப்பு கல்லடியில என்ட வளவு முழுக்க மணல். எந்த மாரியிலும் தண்ணி நிண்டதில்லை. முற்றத்துக்கு கொங்கிறீட் போட்ட வருஷம் கிணத்தடி வரைக்கும் குளம். அரைவாசியை உடைச்சு மணலைத் திறந்த பிறகுதான் வடிஞ்சது. மழைத்தண்ணி எங்க போகும் என்று முதல்ல பாக்கிறதுதான் இந்தத் தொழில். வாவிக்கரையில கண்ணாவை (சதுப்புநில மரங்களை) வெட்டி மண் நிரப்பி மதில் எழுப்புறதைப் பார்க்க வயிறு எரியுது. வேற மாதிரி வரைஞ்சு காட்டத் தெரிஞ்ச பிள்ளை நம்மட ஊருக்கு வேணும்.

இந்தப் படிப்பில சேர உளச்சார்புப் பரீட்சை (aptitude test) இருக்கு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலைப் பாருங்க, விண்ணப்பத் திகதியை விட்டிடாதீங்க. இப்பவே கையால வரையப் பழகட்டும்.