வாட்ச் செயினை வீட்டிலேயே கழற்றலாமா?

கேள்வி: அப்பாவின் பழைய வாட்ச்சில் ஸ்டீல் செயின் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, ஆம்பூரில் வாங்கிய தோல் பட்டையை மாட்ட விரும்புகிறேன். செயினின் உட்புறம் சில கண்ணிகளில் அம்புக்குறி இருப்பதைப் பார்த்து, அங்கே குண்டூசியால் குத்தியும் செயின் வரவில்லை. கடைக்குப் போகாமல் கழற்ற வழி உண்டா?
– வாசகர் ஒருவர், குடியாத்தம்

பதில்: தாராளமாகக் கழற்றலாம், நீங்கள் குத்திய இடம்தான் வேறு. அந்த அம்புக்குறிகள், செயினின் நீளத்தைக் குறைப்பதற்காகக் கண்ணிகளை எடுக்கும்போது பின்னை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதைக் காட்டுபவை. செயின் முழுவதையும் எடுக்க, அது வாட்ச்சின் உடலோடு சேரும் இடத்துக்கு வர வேண்டும். அங்கே உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரு முனைகளுக்கு, அதாவது காதுகளுக்கு, நடுவில் ஸ்பிரிங் பார் என்னும் சிறு கம்பி மறைந்திருக்கும்; அதன் குழாய்க்குள் சுருள்வில் இருப்பதால் முனைகள் உள்ளே அமுங்கும், விட்டால் வெளியே வந்து காதுகளின் உட்பக்கக் குழிகளில் உட்கார்ந்துகொள்ளும்.

வாட்ச் கடைகளில் இதற்கென்றே நுனி கவையாகப் பிளந்த கருவி கிடைக்கும், விலையும் அதிகமில்லை. கத்தி வேண்டவே வேண்டாம், வழுக்கினால் வாட்ச்சில் கீறலும் விரலில் காயமும் மிஞ்சும். கருவி இல்லாவிட்டால், மூக்குக்கண்ணாடி திருகாணிக்கான மிகச் சிறிய ஸ்குரூடிரைவரைக் கொண்டு ஓரளவு சமாளிக்கலாம்.

காதுகளின் மேல் செலோ டேப் ஒட்டி, கொக்கியைத் திறந்து, தடித்த துண்டின் மேல் வாட்ச்சைக் கண்ணாடி கீழே இருக்கும்படி வையுங்கள். செயினின் கடைசிக் கண்ணிக்கும் காதுக்கும் இடையே உள்ள இடுக்கில் கருவியை நுழைத்தால், கம்பியின் முனையை அடுத்துள்ள சிறு விளிம்பில் அது மாட்டும். அந்த விளிம்பை நடுப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே, செயினின் அந்த ஓரத்தை மறுகையால் காதிலிருந்து லேசாக வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். பலரும் தடுமாறுவது இங்கேதான்: சாய்க்காமல் வெறுமனே அமுக்கினால், கருவியை எடுத்த மறுகணமே முனை பழையபடி குழிக்குள் போய்விடும். ஒரு முனை விடுபட்டுவிட்டால் மறுமுனை தானாகவே வந்துவிடும், ஆனால் வில்லின் வேகத்தில் கம்பி தெறித்துக் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளக்கூடும் என்பதால், அந்த இடத்தை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். பல வருட வியர்வை அழுக்கு இறுகியிருந்தால், முதலில் உலர்ந்த டூத்பிரஷால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள்.

காதுகளின் வெளிப்புறத்தில் துளை தெரிந்தால் வேலை எளிது: மெல்லிய கம்பியால் வெளியிலிருந்தே முனையை அமுக்கலாம். செயினும் உடலும் ஒரே வார்ப்பாகத் தோன்றும் மாடல்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அவற்றுக்குச் சாதாரணப் பட்டை பொருந்தாது.

பட்டை வாங்கும்போது காதுகளுக்கு இடைப்பட்ட உள் அகலத்தை அளந்தீர்களா? 18, 20, 22 மில்லிமீட்டர் அளவுகளே அதிகம் புழக்கத்தில் உள்ளவை; 1 மில்லிமீட்டர் கூடினாலும் பட்டை மடங்கிக்கொண்டு நிற்கும். துருப்பிடித்த கம்பிகளைத் திரும்பப் போடாமல் புதியவற்றையே மாட்டுங்கள். இரு முனைகளும் குழியில் உட்கார்ந்தனவா என்று பட்டையைச் சற்று வலுவாக இழுத்துப் பார்த்துவிட்டே கையில் கட்டுங்கள்.

இன்னொன்று: நம் வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் வியர்வை ஊறினால், எவ்வளவு நல்ல தோலும் நாறும், வெடிக்கும். ஆகவே கழற்றிய செயினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; சித்திரை, வைகாசி மாதங்களில் அதுவே உங்கள் கைக்கு உகந்தது.