உட்காரக் கூடாத நாற்காலி

அன்புள்ள அண்ணாச்சி,

போன மாதம் தங்கை வீட்டு விசேஷத்துக்கு டெல்லி போயிருந்தேன். மருமகள் கட்டடக்கலை படிக்கிறாள். ஒரு கேலரியில் கண்காட்சி நடக்கிறது, வாங்க மாமா என்று இழுத்துக்கொண்டு போனாள். பியேர் ழான்னரே என்ற சுவிஸ்காரர் சண்டிகர் நகரத்துக்காகச் செய்த நாற்காலி, மேசை, அலமாரிகள். சுவரில் ‘பரிசோதனை’ என்ற சொல் நாலைந்து இடத்தில் இருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல். தாலுகா ஆபீஸில் என் அப்பா முப்பது வருஷம் உட்கார்ந்த சேர் மாதிரியேதான் இருந்தது. கால் வலித்ததால் ஒன்றில் உட்காரப் போனேன். காவலாளி ஓடிவந்து தடுத்துவிட்டார். வெளிநாட்டு ஏலத்தில் ஒரு சேர் லட்சக்கணக்கில் போகிறதாம். வெள்ளைக்காரர் பெயரை ஒட்டினால் ஆபீஸ் சேரும் கலையாகிவிடுமா?

அப்புறம் ஒரு சொந்த விஷயம். தாத்தாவின் பிரம்பு நாற்காலி ஒன்று வீட்டில் இருக்கிறது. பின்னல் கிழிந்து தொங்குகிறது. பிளைவுட் வெட்டி அடித்துவிடு என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?

க., வீரவநல்லூர்

*

அன்புள்ள க.,

காவலாளி ஓடிவந்ததில் தப்பில்லை, அது அவர் வேலை. நீங்கள் உட்காரப் போனதிலும் தப்பில்லை. நாற்காலியைப் பார்த்ததும் உட்காரத் தோன்றியது என்றால், செய்தவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பழைய குற்ற உணர்ச்சி ஒன்றுதான் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் எழுத்தராக இருந்த அலுவலகத்தில் கண்டம் பட்டியல், அதாவது இனி உதவாது என்று கழிக்கும் சாமான்களின் பட்டியல், போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ‘பிரம்பு நாற்காலி, கை உள்ளது, பின்னல் கிழிந்தது, 38’ என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். விறகுக் கடைக்காரர் ஒருவர் ஏலத்தில் எடுத்து, கால்கள் வானத்தைப் பார்க்க வண்டியில் அடுக்கிக்கொண்டு பேட்டைப் பக்கம் போனார். ஒரு நாற்காலியில்கூடச் சட்டம் பழுதில்லை. பின்னல் மட்டும்தான் போயிருந்தது. அடுத்த வாரம் பிளாஸ்டிக் சேர்கள் வந்து இறங்கின. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

சண்டிகரில் நடந்ததும் இதேதான், அங்கே ஆயிரக்கணக்கில் நடந்தது. பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகரம் வேண்டியிருந்தது. அதைத் திட்டமிட லெ கொர்பூசியே என்ற பெயர்பெற்ற கட்டடக்கலைஞரை அழைத்தார்கள். அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார். ஊரிலேயே தங்கி வேலையை நடத்தியவர் அவருடைய சித்தப்பா பெரியப்பா முறைத் தம்பி ழான்னரே. 1951-ல் வந்தவர் 1965 வரை அங்கேயே இருந்தார். 1967-ல் ஜெனீவாவில் இறந்த பிறகு, அவர் விருப்பப்படி அஸ்தியைச் சண்டிகரின் சுக்னா ஏரியில்தான் கரைத்தார்கள். வெள்ளைக்காரர் பெயரை ஒட்டினார்கள் என்று நீங்கள் சொல்லும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் உங்கள் எரிச்சலில் பாதி நியாயம் உண்டு. அந்தக் குழுவில் யூலி சௌத்ரி என்ற நம் நாட்டுக் கட்டடக்கலைஞர் இருந்தார். அறைகலன் வேலையில் அவருக்கும் பங்கு உண்டு. பட்டறைகளில் அறுத்து இழைத்த ஆசாரிமார் பெயர் எதுவும் சுவரில் ஏறுவதில்லை.

பரிசோதனை என்ற சொல்லுக்கு வருகிறேன். மூங்கில், கயிறு, கட்டடக் கம்பி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து ழான்னரே இருக்கைகள் செய்து பார்த்திருக்கிறார். எனக்கு அவற்றைவிட அந்த ஆபீஸ் நாற்காலியின் கால்தான் பெரிய விஷயம். நம் வழக்கமான நாற்காலிக்குக் கால்கள் நேராக நிற்கும். மனுஷன் சும்மா இருக்க மாட்டான். சாய்வான், பின்கால் இரண்டில் நிறுத்தி ஆட்டுவான். ஐந்தாறு வருஷத்தில் மூட்டு லொடலொடக்கும். ழான்னரேயின் நாற்காலியில் முன்காலும் பின்காலும் கீழே அகன்று, மேலே கையோரம் வந்து கூடுகின்றன. பந்தல்காரர்களின் இரட்டை ஏணி மாதிரி. நடுவில் உட்காரும் சட்டம் குறுக்கே ஓடிப் பிடித்துக்கொள்கிறது. சதுரத்தை இடித்தால் சரியும், முக்கோணம் சரியாது. அவ்வளவுதான் சூட்சுமம். எந்த ஊர்ப் பட்டறையிலும், நுணுக்க வேலை தெரியாத ஆசாரியும் செய்துவிடலாம். பல பட்டறைகளில் செய்ததால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்றில் கால் தடிமன், ஒன்றில் கை நீளம். பின்சட்டத்தில் வெள்ளைப் பெயிண்டில் இலாகாப் பெயரும் எண்ணும் எழுதியிருக்குமே, பார்த்தீர்களா? நம் ஆபீஸில் பியூன் எழுதி வைப்பாரே, அதேதான். இன்று சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது அந்த எழுத்தைத்தான்.

கேலரிமேல் எனக்கு ஒரு குறை உண்டு. உட்கார விடாதது இல்லை. கோர்ட், காலேஜ், லைப்ரரி என்று வரிசை வரிசையாகக் கிடக்க வேண்டியதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, வெள்ளை மேடையில் விளக்குப் போட்டு நிறுத்தினால், செய்தவர் யோசித்த விஷயமே மறைந்துபோகிறது. பத்தமடைப் பாயைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்க்கும்போதும் எனக்கு இப்படித்தான் இருக்கும். முதுகு படாத பாய் என்ன பாய்? உங்களுக்கு அது பக்கத்து ஊர், நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். நீங்கள் பார்த்த நாற்காலிகளில் பின்னல் புத்தம் புதிதாக இருந்ததா? இருந்திருக்கும். அறுபது வருஷப் பிரம்பு அப்படியே நிற்காது. புதிதாகப் பின்னித்தான் விற்கிறார்கள். அதில் மோசடி ஒன்றும் இல்லை, பிரம்பு நாற்காலி என்றாலே அப்படித்தான். மரம் இருக்கும், பின்னல் சாகும், மறுபடி பின்ன வேண்டும்.

எங்கள் அலுவலகத்துக்கு வருஷம் ஒருமுறை ஒருவர் பின்ன வருவார். பார்வை கிடையாது. பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளி நூறாண்டைத் தாண்டியது. நாற்காலி பின்னுவது பார்வையற்றவர்களுக்கு நாடு முழுக்கக் கற்றுக்கொடுத்த தொழில்களில் ஒன்று. வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்காருவார். பக்கத்தில் வாளித் தண்ணீரில் பிரம்பு நார் ஊறும். சட்டத்தின் துளைகளில் முன்பின்னாக ஒரு பாவு இழுப்பார். அதன்மேல் இடவலமாக ஒன்று. மறுபடி முன்பின்னாக ஒன்று. நாலாவதிலிருந்துதான் பின்னல், மேலே ஒன்று கீழே ஒன்றாக. அப்புறம் மூலைக்கு மூலை இரண்டு. எல்லாம் முடிந்தால் எட்டு மூலைக் கண் விழும். நார் நழுவாமல் இருக்க ஒவ்வொரு துளையிலும் ஒரு குச்சி முளை. பளபளப்புப் பக்கம் மேலே வருகிறதா என்று பெருவிரலால் தடவிக்கொண்டே போவார், பேச்சும் நிற்காது. ஒரு தடவை ஒரு நாற்காலியைத் தடவிவிட்டு, “இது நான் பின்னுனது இல்லல்லா, யாரு கை வச்சா?” என்று கோபப்பட்டார். ஈரநார் காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். மறுநாள் விரலால் சுண்டினால் மிருதங்கம் மாதிரி சத்தம் வரும். ஒரு வருஷம், செலவுக்கு அனுமதி இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் அவர் வரவில்லை. அதற்குப் பிறகுதான் நான் எழுதிய பட்டியல்.

விலை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாம் குப்பை என்று ஏலம் போட்டதை வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப் பழுதுபார்த்து விற்றார்கள். 2011-ல் மத்திய உள்துறை இந்தப் பொருட்களை விற்கக் கூடாதென்று உத்தரவு போட்டது. அதற்குள் நிறையப் போய்விட்டது.

சரி, தாத்தா நாற்காலி. பிளைவுட் வேண்டவே வேண்டாம். ஆணி அடிப்பது துளைகள் இருக்கிற அதே சட்டத்தில்தான். வரிசையாகத் துளை போட்ட மரம் நீளவாக்கில் பிளந்துகொள்ளும். வைகாசி வெயிலில் பலகையில் உட்கார்ந்தால் வேட்டி ஒட்டும் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். கடையில் பின்னிய பிரம்பு சுருளாகவே கிடைக்கிறது, அதையும் வாங்கிவிடாதீர்கள். அதற்குச் சட்டத்தில் பள்ளம் வெட்டி அழுத்த வேண்டும். உங்களுடையது தாத்தா காலத்தது என்றால் பெரும்பாலும் துளை வைத்ததாக இருக்கும், கைப்பின்னல்தான் ஒத்துவரும். பின்னிய பிறகு கோடையில் எப்போதாவது அடிப்பக்கம் ஈரத்துணியால் துடையுங்கள். மேல்பக்கம் தண்ணீர் குடிக்காது. பரணில் சாமான் எடுக்க யாரையும் அதன்மேல் ஏற விடாதீர்கள்.

பின்னுகிற ஒருவரை எனக்குத் தெரியும், கேட்டுச் சொல்கிறேன். அதற்கு முன் பழைய நாரைச் சுத்தமாக எடுத்துவிட்டு, முன்சட்டத்தில் எத்தனை துளை, பின்சட்டத்தில் எத்தனை என்று தனித்தனியாக எண்ணி எழுதி அனுப்புங்கள். பின்சட்டம் குறுகல் என்பதால் கணக்கு ஒத்துவராது. அவர் முதலில் கேட்பது அதைத்தான்.