ஏஜிஎஸ் ஸ்கிரிப்ட் சிக்கல்கள்: கேள்வி பதில்

அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோ (ஏஜிஎஸ்) என்ற மென்பொருளில், சொடுக்கி ஆடும் பழைய பாணிக் கணினி ஆட்டம் செய்யத் தொடங்கிய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர்களின் கேள்விகள் இவை. ஏஜிஎஸ்ஸில் ஆட்டத்தின் ஒவ்வொரு காட்சித் திரையும் ஓர் 'அறை'; ஒரு பெயரின் கீழ் சேர்ந்து ஓடும் ஸ்கிரிப்ட் வரிகள் ஒரு 'ஃபங்ஷன்'. பெரும்பாலும் வரிகளில் தவறில்லை. அவை எப்போது ஓடும் என்பதில்தான் குழப்பம்.

பென்னாகரம்: ஒகேனக்கல் அறையில் பரிசலைச் சொடுக்கினால் எதுவுமே நடக்கலை அண்ணா. ஃபங்ஷன் எழுதியிருக்கேன், பிழையும் காட்டலை.

ஃபங்ஷனின் பெயரைக் கையால் தட்டச்சு செய்தால் ஆட்டத்தை ஓட்டும் எஞ்சினுக்கு அது தெரியாது. அறை எடிட்டரில் பரிசலின் ஹாட்ஸ்பாட்டை (சொடுக்கக்கூடிய பகுதி) தேர்ந்தெடுத்து, பண்புகள் பலகையில் மின்னல் குறியை அழுத்துங்கள். இன்டராக்ட் வரியில் உள்ள மூன்று புள்ளிப் பொத்தானைத் தட்டினால் எடிட்டரே வெற்று ஃபங்ஷன் ஒன்றை உருவாக்கும். உங்கள் வரிகளை அதற்குள் ஒட்டுங்கள். வேறு அறையிலிருந்து ஸ்கிரிப்டை நகலெடுத்தாலும் இந்த இணைப்பு கூடவே வராது.

தருமபுரி: அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் காட்சி. வாளைக் கொடுத்தாலும் அவ்வை நன்றி சொல்கிறார்!

கைப்பொருளை ஒருவரிடம் நீட்டும்போது ஓடும் 'யூஸ் இன்வென்டரி' நிகழ்வு எந்தப் பொருளுக்கும் ஓடும். எது கையில் இருக்கிறது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்: இஃப் (பிளேயர்.ஆக்டிவ்இன்வென்டரி == ஐநெல்லி). உள்ளே நன்றி வசனம், பிறகு பிளேயர்.லூஸ்இன்வென்டரி(ஐநெல்லி). எல்ஸ் பகுதியில் மறுப்பு வசனம் ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் வாளை நீட்டும்போது அவ்வை மௌனமாக நிற்பார், ஆடுபவர் ஆட்டம் கெட்டுவிட்டது என்று நினைப்பார். ஸ்கிரிப்டில் ஆங்கிலத்தில் எழுதும் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறினால் 'அன்டிஃபைண்டு டோக்கன்' பிழை வரும்.

கிருஷ்ணகிரி: கோட்டை உச்சிக்கு அறை மாற்றியபின் வர வேண்டிய வசனம் அடிவாரத்திலேயே வந்துவிடுகிறது.

அறையை மாற்றும் சேஞ்ச்ரூம் கட்டளை உடனே நடக்காது. அந்த ஃபங்ஷன் முழுவதும் ஓடி முடிந்த பிறகுதான் அறை மாறும். அதற்குக் கீழே எழுதிய வசனத்தை எடுத்து, உச்சி அறையின் 'ஆஃப்டர் ஃபேட்-இன்' (திரை திறந்த பிறகு) நிகழ்வில் வையுங்கள். 'பிஃபோர் ஃபேட்-இன்' பொருள்களை மறைக்கவும் இடம் மாற்றவும் மட்டும். அப்போது திரை இன்னும் திறந்திருக்காது.

ஓசூர்: காவலாளி 5 விநாடி கழித்துத் திரும்பணும். செட்டைமர் போட்டும் திரும்பவே இல்லை.

செட்டைமர்(1, 200) சரிதான். இயல்பான வேகம் விநாடிக்கு 40 சுற்று. ஆனால் இஸ்டைமர்எக்ஸ்பயர்டு சோதனையை அதற்கு அடுத்த வரியில் வைத்தால் ஒரே ஒருமுறை, அதுவும் நேரம் ஆவதற்கு முன்பே ஓடி முடிந்துவிடும். அந்தச் சோதனையை, ஒவ்வொரு சுற்றிலும் ஓடும் அறையின் ரிப்பீட்டட்லி எக்ஸிக்யூட்டுக்கு மாற்றுங்கள். இஸ்டைமர்எக்ஸ்பயர்டு 'ஆம்' என்பதை ஒருமுறைதான் சொல்லும். அதனால் ஒரே டைமரை இரண்டு இடத்தில் சோதிக்காதீர்கள்.

பாலக்கோடு: பறித்த மாம்பழ எண்ணிக்கை ஒன்றைத் தாண்டவே மாட்டேங்குது சார்.

எண்ணிக்கையை அறிவிக்கும் இன்ட் வரி ஃபங்ஷனுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு சொடுக்குக்கும் புதிதாகப் பூஜ்யத்தில் தொடங்கும். ஃபங்ஷனுக்கு வெளியே, அறை ஸ்கிரிப்டின் தலையில் எழுதுங்கள். மற்ற அறைகளுக்கும் அந்த எண் வேண்டுமென்றால் குளோபல் வேரியபிள்ஸ் பலகையில் சேருங்கள். அறை எண் 300 அல்லது அதற்கு மேல் என்றால், வெளியே போய் வந்ததும் அந்த அறை எல்லாவற்றையும் மறந்துவிடும். தோப்புக்குச் சிறிய எண்ணே கொடுங்கள்.

ஊத்தங்கரை: தமிழ் வசனம் வைக்க முடியுமா? எழுத்து வருகிறது, கொம்பெல்லாம் இடம் மாறி நிற்கிறது.

3.6 பதிப்பிலிருந்து யூனிகோடு உண்டு. ஜெனரல் செட்டிங்ஸில் உரை வடிவத்தை யூடிஎஃப்-8 ஆக்கி, தமிழ் டிடிஎஃப் எழுத்துருவைச் சேர்த்தால் எழுத்து தெரியும். சிக்கல் அதற்கு அடுத்த படியில். 'கெ' என்பது கோப்பில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தை எஞ்சின் செய்வதில்லை, சேமித்த வரிசையிலேயே வரைகிறது. 'கு', 'கூ' போன்றவையும் ஒன்றுசேராமல் பிரிந்து நிற்கும். எழுத்துருவை மாற்றிப் பார்ப்பது வீண். தலைப்பு, பலகை, முக்கியமான வசனங்களை ஜிம்ப் என்ற பட மென்பொருளில் ஆட்டத்தின் தெளிவளவிலேயே, அதாவது 320x200 என்றால் அதே அளவில், படமாக எழுதி ஏஜிஎஸ்ஸில் ஸ்பிரைட்டாக (ஆட்டத்தில் பயன்படும் படம்) இறக்குங்கள். பெரிதாக எழுதிச் சுருக்கினால் புள்ளியும் சுழியும் கரைந்துவிடும். ஸ்பிரைட்டை ஒரு ஜியுஐ-யின் (ஆட்டத் திரைமேல் காட்டும் பலகை) பின்னணிப் படமாக வைத்து, வசனம் வரும்போது விசிபிள் பண்பை ட்ரூ ஆக்கினால் போதும்.