பசிபிக் தீவு நாடான துவாலுவில் 60 சதவீதம் விவசாய நிலமாம். அப்புறம் ஏன் அரிசியும் மாவும் கப்பலில் வருகின்றன?

இதே கேள்வியை நான் ஒரு துவாலுக்காரரிடம் நேரிலேயே கேட்டிருக்கிறேன். சரக்குக் கப்பலில் என்னோடு டெக் வேலை பார்த்தவர். (அந்த ஊர் ஆண்கள் நிறையப் பேருக்கு முன்பு கப்பல் வேலைதான் பிழைப்பாக இருந்தது.) "அறுபதா? அது தென்னை நிற்கிற இடம்" என்று சிரித்தார்.

விஷயம் அதுதான். தென்னை, கொக்கோ, காபி மாதிரி ஒருமுறை நட்டால் பல வருடம் பலன் தருபவை நிற்கும் நிலம், ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் 'நிரந்தரப் பயிர் நிலம்'. வருடாவருடம் விதைத்து அறுக்கும் நிலத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. துவாலுவில் முதலாவது சுமார் 60 சதவீதம், இரண்டாவது பூஜ்யம். ஒன்பது தீவுகளையும் சேர்த்தாலே 26 சதுர கிலோமீட்டர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

தென்னையை விட்டால் அங்கே வேறு வழி குறைவு. பவளப்பாறை பொடிந்த மணல், ஆறு கிடையாது, காற்றிலேயே உப்பு. தேங்காய், பாளை சீவி இறக்கும் கள், அதைக் காய்ச்சிய பாகு எல்லாம் கிடைக்கும். முன்பு கொப்பரை ஏற்றுமதியும் இருந்தது. (அதற்கு உலகம் முழுக்க வழங்கும் 'காப்ரா' என்ற பெயரே நம் பக்கத்துக் கொப்பரையிலிருந்து போனதுதான்.)

வயிற்றை நிரப்பியது புலாகா. நம் சேம்பு இனம்தான், ஆனால் ஆளுயரத்துக்கு மேல் வளரும். அதை விளைவிக்கும் விதம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மணலில் இறங்கும் மழைநீர், பாலில் ஏடு மாதிரி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிசாக மிதக்கும். அந்த நீர் தட்டுப்படும் வரை பவளத்தைத் தோண்டி, குழிக்குள் தழையை அடுக்கடுக்காகப் போட்டு மக்கவிட்டு, அதில்தான் கிழங்கை நடுவார்கள். எந்தத் தழை, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் குடும்ப ரகசியம். பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்களாம். இந்த மண்ணை அவர்களே தலைமுறை தலைமுறையாக உண்டாக்கினார்கள். சதவீதக் கணக்கில் இதெல்லாம் எங்கே தெரியும்?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படை தலைநகரான ஃபுனாஃபுட்டியில் விமானத்தளம் போட்டபோது தென்னைகளும் தோட்டங்களும் போயின. இன்று நாட்டு மக்களில் பாதிக்கு மேல் அந்தத் தீவில்தான். குழி வெட்ட இடம் ஏது?

மற்ற தீவுகளுக்கு வேறு தொல்லை. 2015 மார்ச்சில் பாம் புயல் எழுப்பிய அலை நூயி தீவுக்குள் புகுந்து புலாகாக் குழிகளை உப்பாக்கியது. தென்னை சமாளித்துவிடும், புலாகா அழுகிவிடும். மழை பெய்து உப்பு கழுவிப் போகும் வரை குழி சும்மா கிடக்க வேண்டியதுதான்.

நண்பர் கப்பலில் எங்கள் ஆட்களைவிட அதிகம் சோறு சாப்பிடுவார். எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். "வீட்டில்தான்" என்றார்.