அளந்து பார்த்துக் கொடுப்பது

ஐயா,

என் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் இரண்டு தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பி வருகிறேன். இரண்டும் வழவழப்பான தாளில் ஆண்டறிக்கை அனுப்புகின்றன. என் பணத்தால் என்ன மாறியது என்பது மட்டும் அவற்றிலிருந்து தெரிவதில்லை. வேலையை முடித்துக் காட்டினால்தான் பணம் என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்வதுபோல் இவர்களிடமும் சொன்னால் என்ன?

வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்பதற்கு நெருக்கமான ஒன்றை ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை செய்து பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கு வராத சிறுமிகளைத் தேடிச் சேர்க்கும் 'எஜுகேட் கேர்ள்ஸ்' நிறுவனத்துக்கு யுபிஎஸ் ஆப்டிமஸ் அறக்கட்டளை முன்பணம் கொடுத்தது. பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்பதை ஐடிஇன்சைட் என்ற வெளி அமைப்பு அளந்து சொன்ன பிறகு, அதற்கேற்ற தொகையை லண்டனில் உள்ள வேறோர் அறக்கட்டளை முன்பணம் போட்டவர்களுக்குத் தந்தது. தொகையில் 80 விழுக்காடு கற்றலுக்கு, 20 விழுக்காடுதான் சேர்க்கைக்கு. பதிவேட்டில் பெயரை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. முதல் இரண்டாண்டுகள் கற்றல் கணக்கு பின்தங்கியே இருந்தது. ஆண்டுதோறும் அளந்ததால் அது வெளிப்பட்டது. வகுப்புக்கு வராத பிள்ளைகளை வீட்டிலேயே சென்று பார்த்துக் கற்பித்தார்கள். முடிவில் கற்றல் இலக்கில் 160 விழுக்காட்டை எட்டியது.

இந்த வெற்றியைப் பண நிபந்தனையின் கணக்கில் எழுதுவதைவிட, அளந்து பார்த்ததன் கணக்கில் எழுதுவதே சரி என்று நினைக்கிறேன். ஏனென்றால், மூன்றாண்டும் களப்பணியாளர்களின் சம்பளத்துக்கான பணம் முன்கூட்டியே நிறுவனத்தின் கையில் இருந்தது. தோற்றால் பெரும்பாலும் இழப்பு முதல் போட்டவருக்குத்தான். உங்கள் ஒப்பந்தக்காரர் வங்கியில் கடன் வாங்கிச் சிமெண்டு இறக்குவார். ஆறு பேரை வைத்து நடத்தப்படும் ஓர் அமைப்பு முடிவைக் காட்டும்வரை எதை வைத்து நடக்கும்? வெளியாட்களை வைத்து அளப்பதும் செலவுதான். அது சிறிய அமைப்பால் ஆகாது. (வழவழப்பான ஆண்டறிக்கையும் உங்கள் பணத்தில் அச்சானதுதான் என்பது வேறு கதை.)

அளவே பொருந்தாத பணிகளும் உண்டு. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சைப் பணி, பின்னர் ஊர்மக்களின் சிறு நன்கொடைகளாலும் தன்னார்வலர்களாலும் கேரளத்தில் பரவியது. அங்கே நோயாளிகளில் பலர் குணமாகப் போவதில்லை. ஒரு நாளில் பார்த்த வீடுகளின் எண்ணிக்கைக்குப் பணம் என்று வைத்தால், படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு அரை மணி நேரம் நோயாளியின் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கும் செவிலியர் நட்டக் கணக்கில் வந்துவிடுவார்.

ஆகவே நன்கொடையை நிறுத்திவைக்காதீர்கள். சென்ற ஆண்டு நீங்கள் செய்தவற்றில் எது பலிக்கவில்லை, அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்று இரண்டு நிறுவனங்களுக்கும் ஓர் அஞ்சலட்டை போடுங்கள். எல்லாமே நன்றாக நடந்தது என்று பதில் எழுதுபவர்களுக்கு அடுத்த ஆண்டு அனுப்ப வேண்டியதில்லை.